பைக் சீட்: ரெக்சின் மாற்றினால் போதுமா, புதுசே வாங்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பைக்குக்கு ஒன்பது வயது, எஞ்சின் நன்றாக இருக்கிறது. சீட் ரெக்சின் முன்பக்கம் வெடித்து நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. மழை விட்ட மறுநாள் உட்கார்ந்தாலும் பேன்ட் நனைகிறது, அரை மணி நேரம் ஓட்டினால் உட்காரும் இடத்தில் வலி. மெக்கானிக் புது சீட் வாங்கச் சொல்கிறார், நண்பர் ரெக்சின் மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேருமே சீட்டைக் கழற்றிப் பார்க்காமல் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். மேலே இருந்து பார்த்தால் பழைய சீட் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். கிழிசல்தான் கண்ணில் படும், கிழிசலுக்குத்தான் எல்லோரும் வைத்தியம் சொல்வார்கள். ஆனால் ஒரு சீட்டில் மலிவாகவும் சுலபமாகவும் மாற்றக்கூடிய பொருள் எதுவென்றால் அந்த ரெக்சின்தான். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சீட்டைக் கழற்றி, குப்புறப் போட்டு, அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வாருங்கள்: முதலில் பேஸ், அப்புறம் ஃபோம், கடைசியில்தான் ரெக்சின்.

பேஸ் என்பது சீட்டின் எலும்பு. இப்போதைய பைக்குகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக், பழைய வண்டிகளில் இரும்புத் தகடு. பிளாஸ்டிக் என்றால் இரண்டு இடங்களைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒன்று, முன்னால் டாங்குக்கு அடியிலோ ஃப்ரேமுக்கு அடியிலோ நுழையும் நாக்கு. இன்னொன்று, பின்னால் லாக் மாட்டும் கம்பி பதிந்திருக்கும் இடம். ஆள் ஏறி இறங்கும்போதும் பள்ளத்தில் குதிக்கும்போதும் இழுவை எல்லாம் அங்கேதான் விழும். இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துத் துணி பிழிவதுபோல் லேசாக முறுக்குங்கள். விரிசல் இருந்தால் வாய் திறக்கும். விரிசல் விடாமல், பிளாஸ்டிக் மடங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிறது என்றால் அது முன்னெச்சரிக்கை, இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

நாக்கிலோ லாக் கம்பியின் அடியிலோ விரிசல் இருந்தால் ரெக்சின் பற்றிப் பேச்சே வேண்டாம். நிறைய பேஸ்கள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. அடியில் சின்னதாக ‘பிபி’ என்று அச்சு இருக்கும். அந்த பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, ஒட்டினால் இரண்டு நாளில் செதிலாக உரிந்து வரும். அதே பிளாஸ்டிக் குச்சியைச் சூடாக்கி உருக்கி வெல்டிங் செய்யலாம், ஓரத்தில் இருக்கும் விரிசலுக்கு அது சரி. ஆனால் ஓடும்போது சீட் கழன்று வரக்கூடிய இடத்தில் ஒட்டுப்போட்டுவிட்டு, பின்னால் ஒரு ஆளையும் உட்கார வைத்துக்கொண்டு போக எனக்கு மனம் வராது. இரும்பு பேஸ் என்றால் கதை வேறு. மேலோட்டமான துரு பெரிய விஷயமே இல்லை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்தால் போதும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால்தான் கவலை. ஓட்டையே விழுந்திருந்தாலும் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்பது இரும்பின் வசதி.

அப்படியே அடியில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் எண்ணிவிடுங்கள். நான்கோ ஆறோ எட்டோ இருக்கும், ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். யாரும் கண்டுகொள்வதில்லை. புஷ் இல்லாத இடத்தில் பேஸ் ஃப்ரேமில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடம் வளைந்து வளைந்து கடைசியில் கீறல் விடும். பல பேஸ்கள் உடைவதற்குக் காரணமே விழுந்துபோன ஒரு சின்ன ரப்பர்தான்.

பேஸ் நன்றாக இருக்கிறதா? சரி, அடுத்தது ஃபோம். பலர் ஸ்பாஞ்ச் என்பார்கள். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் உங்களுக்கு வலிக்கிறது, வலியை ரெக்சின் தராது.

சீட்டைத் தரையில் வைத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் முழங்கையை ஊன்றி முழு எடையையும் கொடுங்கள். அடியில் பேஸ் தட்டுகிறதா? அடுத்து பின்னால் உட்காருபவர் இடத்தில் அதையே செய்யுங்கள். தனியாக ஓட்டுபவர்களுடைய சீட்டில் பின்பாதி ஏறக்குறைய புதுசாகவே இருக்கும். முன்பாதி எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க உங்கள் சீட்டிலேயே ஒரு சாம்பிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ஃபோம் சாகவில்லை. முன்னால் மட்டும் கையோடு அமுங்கி, எழும்ப நேரம் எடுத்தால் அந்த இடம் முடிந்துவிட்டது.

அப்புறம் பின் ஓரத்தில் ஏழெட்டு ஸ்டேப்ளர் பின்களை எடுத்துவிட்டு ரெக்சினைத் தூக்கி உள்ளே பாருங்கள். மஞ்சளாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சீட்டில் போடும் ஃபோம் வெளிச்சமும் காற்றும் பட்டாலே மஞ்சளாகும், நிறத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டு விரலால் கிள்ளி உருட்டிப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்பினால் உயிர் இருக்கிறது. விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால், மைசூர்பாகு உதிர்வதுபோல் உதிர்ந்தால், அந்த ஃபோமின் மேல் எவ்வளவு நல்ல கவர் போட்டாலும் வீண்.

ஈரம் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், நானே மாட்டிக்கொண்டது இதில்தான். சீட் ஃபோம் முழுக்க ஒன்றோடொன்று திறந்த சின்னச் சின்னக் காற்று அறைகள். தையல் ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு வழி. மேலே தண்ணீர் நின்றிருக்கும்போது நீங்கள் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும், எழுந்தால் காற்றோடு தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும். நாமே பம்ப் அடித்துத் தண்ணீரை ஏற்றுகிறோம். ஏறின தண்ணீர் அடியில் பேஸின் பள்ளத்தில் தேங்கும், மேலே ரெக்சின் மூடியிருப்பதால் காய வழியே இல்லை. மழை விட்டு ஒரு நாள் கழித்தும் உங்கள் பேன்ட் நனைவது இதனால்தான். என்னுடைய முதல் பைக் சீட்டை மழைக்காலத்தில், அன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தி ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். அவரும் ஈர ஃபோமின் மேலேயே பாலிதீன் தாள் விரித்து, அழகாக ரெக்சின் போட்டு, மாலையில் கையில் கொடுத்துவிட்டார். பார்க்கப் பளபள என்று இருந்தது. மூன்று வாரத்தில் வண்டி பக்கத்தில் நின்றாலே நனைந்த நாய் வாடை. சில மாதத்தில் சாதா இரும்புப் பின்கள் துருப்பிடித்து அறுந்து, இடது ஓரம் முழுக்கக் கழன்று தொங்கியது. திரும்பப் பிரித்தபோது ஃபோமின் அடிப்பக்கம் கருத்திருந்தது, பிழிந்தால் டீ நிறத்தில் தண்ணீர். தப்பு அவருடையதில் பாதி, என் அவசரம் பாதி.

ஆகவே ஈரமான ஃபோம் என்றால் முதலில் உலர்த்துவது, மற்றதெல்லாம் அப்புறம். ரெக்சினைக் கழற்றி, துண்டு வைத்து மேலே ஏறி மிதித்துப் பிழிந்து, பிறகு படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி வையுங்கள், தண்ணீர் இறங்க வழி கிடைக்கும். காற்றோட்டமான நிழலில், ஃபேன் இருந்தால் ஃபேன் அடியில். இரண்டு மூன்று நாள் ஆகும். வெறும் ஃபோமை நாள்கணக்கில் கொளுத்தும் வெயிலில் போடாதீர்கள், மேல்தோல் பொடியாகிவிடும். காய்ந்துவிட்டதா என்று தெரிய, பழைய நாளிதழை அடியில் வைத்து ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். தாள் நமத்துப்போனால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த ஃபோமில் ஒரு இடம் மட்டும்தான் அமுங்கியிருக்கிறது என்றால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டாம். அமுங்கிய பகுதியைக் கத்தியால் கட்டியாக வெட்டி எடுத்துவிட்டு அதே அளவுக்குப் புது ஃபோம் பதிக்கலாம். இங்கேதான் பல குஷன் வேலைகள் கெட்டுப்போகின்றன. எந்த ஃபோம் போடுகிறார் என்று கேளுங்கள், அடர்த்தி என்ன என்று கேளுங்கள். அடர்த்தி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்ற கணக்கு. வீட்டு மெத்தைக்கு வரும் 25, 30 அடர்த்தி ஃபோமை பைக் சீட்டில் வைத்தால் முதல் வாரம் சொர்க்கம், இரண்டாம் மாதம் பழையபடி பேஸ் தட்டும். ஒரு சின்ன இடத்தில் முழு உடம்பையும் தாங்கி, அதோடு ரோட்டின் குலுக்கலையும் வாங்க 50, 60 அடர்த்தியாவது வேண்டும். அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். அடர்த்தி என்பது ஆயுள், கடினம் என்பது உட்காரும்போது தெரியும் இறுக்கம். கனமான ஆனால் மெத்தென்ற ஃபோம் உண்டு, லேசான ஆனால் விறைப்பான ஃபோமும் உண்டு. கடைக்காரர் கையால் அமுக்கிக் காட்டி ‘பாருங்க சார், எவ்வளவு ஸ்ட்ராங்’ என்றால் அவர் காட்டுவது கடினத்தை மட்டும்தான்.

ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்யும் பலவண்ணப் புள்ளி போட்ட ரீபாண்ட் ஃபோம் பார்த்திருப்பீர்கள். அதை அடியடுக்காக வைக்க எனக்குப் பிடிக்கும், நன்றாகத் தாங்கும். முழு சீட்டையும் அதிலேயே செய்தால் பலகைதான். அடியில் அது, மேலே கொஞ்சம் மெத்தென்ற நல்ல ஃபோம், மேலாக எல்லா ஒட்டையும் மூட 6 முதல் 10 மி.மீ. மெல்லிய ஃபோம் தாள் என்று வரிசையாகப் போனால் ஒட்டு எங்கே என்றே தெரியாது. பசையை உட்காரும் பரப்பு முழுக்கப் பூச விடாதீர்கள். காய்ந்த பசை தகடுபோல் ஆகும், நீண்ட தூரத்தில் அந்தக் கோடு உடம்பில் தெரியும். பக்கவாட்டில் ஓரங்களில் மட்டும் பூசினால் போதும். மெமரி ஃபோம், ஜெல் என்று யாராவது ஆசை காட்டினால் நான் தள்ளியே நிற்பேன். மெமரி ஃபோம் குளிரில் விறைக்கும், வெயிலில் குழைந்து முழுசாக அமுங்கிவிடும். ஜெல் வெயிலில் நிறுத்தியபின் தோசைக்கல். மெல்லியதாக, மேலடுக்கில் மட்டும் என்றால் சகிக்கலாம்.

இன்னொன்று, இது யாரும் செய்யச் சொல்லாத ஆனால் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஃபோம் முடிந்ததும் ரெக்சின் போடுவதற்கு முன் வெறும் ஃபோமோடு சீட்டை வண்டியில் மாட்டி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் பேன்ட் ஷூவோடு ஒரு கால் மணி நேரம் அப்படியே உட்காருங்கள். ஓட்ட வேண்டாம், நிறுத்தி வைத்தே போதும். இரண்டு காலும் தரையைத் தொடுகிறதா? இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடினாலே குட்டையானவர்களுக்கு சிக்னலில் தடுமாறும். உடம்பு டாங்கை நோக்கி வழுக்குகிறதா? அப்படியென்றால் முன்பக்கச் சரிவு அதிகம், இப்போதே தேய்த்துச் சரி செய்துவிடலாம். ரெக்சின் போட்ட பிறகு தெரிந்தால் மறுபடி அத்தனை பின்னையும் பிடுங்க வேண்டும்.

ரெக்சினுக்கு அதிகம் சொல்ல இல்லை. ரெக்சின் என்பது உண்மையில் இங்கிலாந்தில் செய்த ஒரு செயற்கைத் தோலின் வணிகப் பெயர், அந்தக் காலத்தில் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிய துணி. இன்று அந்தப் பெயரில் நாம் வாங்குவது பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய துணி. பிவிசி இயல்பில் விறைப்பானது, குழைவாக இருக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்க்கிறார்கள். வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், ரெக்சின் அப்பளம்போல் ஆகி, அடிக்கடி மடங்கும் இடத்தில் வெடிக்கும். வாங்கும்போது நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் நீள வேண்டும். பின்பக்கம் பின்னல் துணி இருந்தால் அப்படி நீளும், நெய்த துணி என்றால் வளைவில் சுருக்கம் விழும். நகத்தால் அழுத்தி மடித்துப் பாருங்கள், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் வேண்டாம். கண்ணாடிபோல் வழவழப்பானது ஒவ்வொரு பிரேக்குக்கும் உங்களை டாங்கில் கொண்டுபோய் மோத வைக்கும். நூல் பாலியஸ்டர், ஸ்டேப்ளர் பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பின்னின் கால் 6 மி.மீ. அளவில். இந்த மூன்றையும் வேலை கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பிறகு பார்க்க முடியாது. உட்காரும் இடத்தின் நடுவே அலங்காரத் தையல் வேண்டவே வேண்டாம், படத்தில் அழகாக இருக்கும், மழையில் சல்லடை. தையலைப் பக்கவாட்டுக்கு இறக்கச் சொல்லுங்கள்.

மேலே மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் கவர் பற்றிக் கேட்பீர்கள். கிழிசலை மறைக்கும், தண்ணீரைத் தடுக்காது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடவும் செய்யாது. கிழிசல் சின்னதாக இருந்த காலத்தில் உள்பக்கமாக ஒரு துண்டு ரெக்சின் வைத்து, காய்ந்த பின்னும் வளையக்கூடிய பசையால் ஒட்டியிருந்தால் ஒரு வருடம் தள்ளியிருக்கலாம். உடனடியாகப் பிடிக்கும் சின்ன ட்யூப் பசையை மட்டும் கிழிசலில் விடாதீர்கள். அது கல்லாக இறுகி, பக்கத்திலேயே புதுசாக ஒரு கிழிசலைத் தொடங்கி வைக்கும்.

அப்போ புது சீட் எப்போது? பேஸ் லாக் பகுதியில் உடைந்திருந்தால், அல்லது ஃபோம் முன்பாதி, பின்பாதி என்றில்லாமல் முழுக்க உதிர்ந்தால். இரண்டும் இல்லாமல் விலைதான் குழப்பம் என்றால் என் கணக்கு இது: ஃபோம், ரெக்சின், கூலி எல்லாம் சேர்த்து கம்பெனி சீட்டின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசின் பக்கம் சாய்வேன். கம்பெனி சீட்டின் ஃபோம் அச்சில் ஊற்றி ஒரே துண்டாக வார்த்தது, கையால் வெட்டி ஒட்டியதில் அந்த ஒருமை கிடைக்காது. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: வண்டி புதுசாக இருந்தபோது இந்த சீட் வலித்ததா? வலித்தது என்றால் அதே சீட்டைப் புதுசாக வாங்கி அதே வலியைத் திரும்ப வாங்குவதில் என்ன லாபம்? அப்படிப்பட்டவர்கள் பேஸ் நன்றாக இருக்கும்வரை ஃபோமை மாற்றித் தங்கள் உடம்புக்கு ஏற்றபடி செய்துகொள்வதுதான் சரி.

புதுசு வாங்குவதாக இருந்தால் வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், வருடத்தைச் சொல்லி பாகத்தின் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடம் தள்ளி லாக் கம்பி இடம் மாறியிருக்கும். வேறு கம்பெனி செய்த சீட் என்றால் கையில் தூக்கிப் பாருங்கள், பழையதைவிடச் சட்டென்று லேசாக இருந்தால் ஃபோமில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. உடைத்துப் பிரித்த வண்டியிலிருந்து பேஸ் மட்டும் நன்றாக இருக்கும் பழைய சீட்டை வாங்கி, உங்கள் ஃபோமை அதில் வைத்துப் புது ரெக்சின் போடுவது. உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு அநேகமாக இதுதான் கதி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருடம், முன்பக்கம் மட்டும் கிழிசல், உட்காரும் இடத்தில் மட்டும் வலி. பேஸ் தப்பித்திருக்கவே வாய்ப்பு அதிகம், முன்பாதி ஃபோம் போயிருக்கும், பின்பாதி நன்றாக இருக்கும். பேஸ் முறுக்குச் சோதனையில் தேறினால் முன்னால் ஃபோம் கட்டி பதித்து, முழுக்கப் புது ரெக்சின் போடுங்கள். நண்பர் சொன்னபடி வெறும் ரெக்சின் மட்டும் மாற்றினால் நனையாது, ஆனால் வலி அப்படியே இருக்கும். சீட்டை முதலில் வீட்டில் நீங்களே உலர்த்தி, உலர்ந்த பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள்.

வேலை முடிந்து வந்ததும் குப்புறப் போட்டு மூன்றைப் பாருங்கள். பேஸில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ரெக்சின் மூடியிருக்கக் கூடாது, ரப்பர் புஷ் எல்லாம் திரும்ப வந்திருக்க வேண்டும், பின்கள் நெருக்கமாக ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மேலே லேசான சுருக்கம் இருந்தால் சண்டை போட வேண்டாம், ஒரு நாள் வெயிலில் நின்றால் பெரும்பாலும் போய்விடும். மூலையில் மடிப்பாகவே இருந்தால் அது போகாது, பிரித்து இழுக்கச் சொல்லுங்கள். வண்டியில் மாட்டும்போது முன் நாக்கு உள்ளே போனதா என்று குனிந்து கண்ணால் பாருங்கள். புது ரெக்சினின் தடிமனால் பின்பக்கம் கொஞ்சம் அழுத்தினால்தான் லாக் விழும். விழுந்த பிறகு முன்னாலும் பின்னாலும் ஒருமுறை மேலே தூக்கி இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.